குதிரையின் காதைப் பாருங்க
ஆப்பரேட்டர் பதில்கள்

கௌபாய் படங்களைப் பற்றி இரண்டு இதழுக்கு முன்னால் நாலு வரிதான் எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதிசயம் என்னவென்றால், ஹீரோக்களைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஹீரோ பக்கத்தில் நின்றவர்கள் மேல்தான் கண். கிழவர், செவ்விந்தியர், நாய், குதிரை. சேலத்தில் முப்பத்தோரு வருஷம் புரொஜெக்டர் ஓட்டியவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? கேபினின் சின்னக் கண்ணாடி வழியாக ஒரே படத்தை நாற்பது தடவை பார்க்கிறவன் எத்தனை தடவைதான் ஹீரோவையே பார்ப்பான்!

*பழைய கௌபாய் படங்களில் ஹீரோவோடு கட்டாயம் ஒரு பல்லுப் போன கிழவர் ஒட்டிக்கொண்டு வருகிறாரே, எதற்கு?*
– வாசகர், அம்மாப்பேட்டை

ஹீரோ பயப்படக் கூடாது. பசிக்கிறது என்று சொல்லக் கூடாது. இடுப்பு விட்டுப்போச்சு என்று குதிரையை விட்டு இறங்கக் கூடாது. சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே கூடாது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற நமக்கோ இது எல்லாமே உண்டு. அத்தனையையும் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும் இல்லையா? கிழவர் வந்தது அப்படித்தான்.

அந்தக் கிழவர்களில் பெரிய கை ஜார்ஜ் ஹேய்ஸ். 1885ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். நாடக மேடையில் காலம் தள்ளியவர். குதிரை ஏறக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல், அதுவும் இந்தப் படங்களுக்காக. ஹோப்பலாங் காசிடி என்ற கௌபாய் ஹீரோவின் படங்களில் 'விண்டி' என்ற பெயரில் தாடியும் புலம்பலுமாக வந்தார். சம்பளத் தகராறில் 1939ல் வெளியே வந்தபோது, அந்தப் பெயர் கம்பெனிக்குச் சொந்தம், நீ எடுத்துப் போகக் கூடாது என்றுவிட்டார்கள். சரி, பெயர்தானே என்று 'கேபி' ஆகிவிட்டார். வாயாடி என்று அர்த்தம். ஜான் வெய்ன், ராய் ரோஜர்ஸ் என்று பெரிய கௌபாய் ஹீரோக்களோடெல்லாம் அதே தாடி, அதே புலம்பல். கேமரா நின்றதும் ஆளே வேறு. நல்ல கோட்டு சூட்டு, நிறைய வாசிப்பு.

வால்டர் பிரென்னன் என்று இன்னொருவர். துணை நடிப்புக்காக மூன்று ஆஸ்கார் வாங்கியவர். நடிக்கக் கூப்பிட்டு யாராவது வந்தால், 'பல்லோடவா, பல் இல்லாமலா?' என்று கேட்பார் என ஒரு கதை உண்டு. பொய்ப்பல்லைக் கழற்றினால் இருபது வயது கூடிவிடும். 1959ல் வந்த 'ரியோ பிராவோ' படத்தில் நொண்டிக் காலோடு சிறைச்சாலைக் கதவுக்குப் பின்னால் துப்பாக்கியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, வெளியில் நிற்கிற ஜான் வெய்னையே வைது தீர்ப்பார். அந்தப் படத்தில் ஜான் வெய்னைத் திட்டுகிற துணிச்சல் வேறு யாருக்கு இருந்தது?

நொண்டிக் கால் என்றதும் ஞாபகம் வருகிறது. 'கன்ஸ்மோக்' என்ற டி.வி. தொடர் 1955ல் தொடங்கி இருபது வருஷம் ஓடியது. அதில் ஹீரோ ஒரு மார்ஷல், அதாவது ஊர்க் காவல் அதிகாரி. அவருக்கு உதவியாள் செஸ்டர். நடித்தவர் டென்னிஸ் வீவர். நிஜத்தில் நல்ல விளையாட்டு வீரர், 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில், பத்து விளையாட்டு சேர்ந்த டெகாத்லானில் ஆறாவதாக வந்தவர். அப்படிப்பட்ட ஆள் பக்கத்தில் நின்றால் மார்ஷல் எதற்கு? அதனால் ஒரு காலை விறைப்பாக வைத்து இழுத்து இழுத்து நடப்பது என்று முடிவானது. ஒன்பது வருஷம் ஒற்றைக் காலை மடக்காமலே நடித்தார். பூட்ஸ் மாட்டுவதும் அப்படி, குதிரை ஏறுவதும் அப்படி. செய்து பாருங்கள், ஒன்பது நிமிஷம் தாங்குகிறதா என்று. இவர் பரமஹம்ச யோகானந்தரின் வழியைப் பின்பற்றியவர், யோகா செய்தவர் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கால் தாங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

*போன தடவை ராய் ரோஜர்ஸின் நாய் ரின் டின் டின் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு.*
– ஓய்வுபெற்ற தபால்காரர், ஆத்தூர்

தப்புதான். ராய் ரோஜர்ஸின் நாய் பெயர் புல்லட். ரின் டின் டின் வேறு வீட்டுப் பிள்ளை. முதல் உலகப் போர் முடிகிற சமயம், 1918ல், பிரான்ஸில் குண்டு விழுந்து நாசமான ஓர் இடத்தில் லீ டங்கன் என்ற அமெரிக்கச் சிப்பாய் கண்டெடுத்த குட்டி அது. ஊமைப்படக் காலத்தில் பெரிய நட்சத்திரமாகி 1932ல் செத்துப்போனது. 1954ல் வந்த டி.வி. தொடரில் குதிரைப்படைக் கோட்டையில் ஓர் அநாதைப் பையனோடு ஓடியதெல்லாம் அதே பெயரில் வந்த வேறு நாய்கள். இரண்டும் ஜெர்மன் ஷெப்பர்டு ஜாதி என்பதால் குழம்பிவிட்டேன். தபால்காரர் கண்ணில் விலாசம் தப்புமா!

*ராய் ரோஜர்ஸின் குதிரையைச் செத்த பிறகு பாடம் பண்ணி வைத்தார்களாமே, உண்மையா?*
– கல்லூரி மாணவர், ஓமலூர்

உண்மை. குதிரையின் பெயர் டிரிக்கர். தங்க நிற உடம்பு, வெள்ளைப் பிடரி. ராய்க்கு வருவதற்கு முன் அதன் பெயர் 'கோல்டன் கிளவுட்'. 1938ல் வந்த ராபின் ஹூட் படத்தில் கதாநாயகி ஒலிவியா டி ஹாவிலண்ட் ஏறி வருவது இதே குதிரைதான். 1965ல் செத்தது. அதன் தோலை மட்டும் எடுத்து ஓர் உருவத்தின் மேல் போர்த்தி, முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற மாதிரி நிறுத்தி, தன் மியூசியத்தில் வைத்தார் ராய். தான் செத்தால் தன்னையும் இப்படியே பண்ணி டிரிக்கர் மேல் உட்கார வைத்துவிடுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

அவர் 1998ல் போனார். மியூசியம் நொடித்து, 2010ல் நியூயார்க்கில் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. டிரிக்கர் 2,66,500 டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் காசுக்கு ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல். நாய் புல்லட்டையும் அதே மாதிரி பாடம் பண்ணி வைத்திருந்தார்கள். அது 35,000 டாலர். இரண்டையும் ஒரே டி.வி. கம்பெனி வாங்கியதால் பிரியாமல் போயின. எனக்கென்னவோ பாடம் பண்ணின டிரிக்கரின் போட்டோவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் கண்ணைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், அசையாத காதைச் சகிக்க முடியவில்லை. காதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

*லோன் ரேஞ்சரின் தோழன் டோண்டோவை அரைகுறை ஆங்கிலம் பேசுகிற எடுபிடி போலக் காட்டியது அநியாயம் இல்லையா?*
– வரலாற்று ஆசிரியை, மேட்டூர்

அநியாயம்தான் டீச்சர். அந்தப் பெயருக்கு ஸ்பானிஷ் மொழியில் 'முட்டாள்' என்று பொருள். ஸ்பானிஷில் டப் செய்தபோது கூச்சப்பட்டு 'டோரோ' என்று மாற்றினார்கள், காளை என்று அர்த்தம் வரும்படி.

அவன் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. லோன் ரேஞ்சர் முதலில் 1933ல் டெட்ராய்ட் வானொலியில் வந்த நாடகம். முகமூடி போட்ட ஒருத்தன் தனியாகக் குதிரையில் போகிறான். வானொலியில் அவன் என்ன நினைக்கிறான் என்று எப்படிக் காட்டுவது? பேச்சுத் துணைக்கு ஒருவன் வேண்டும். அதற்காகவே சில வாரம் கழித்து நுழைத்த ஆள்தான் டோண்டோ. 'தனி' ரேஞ்சர் என்று பெயரை வைத்துவிட்டுக் கூடவே ஒருத்தனை அனுப்பிய கதை!

1949 முதல் 1957 வரை டி.வி.யில் டோண்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்த செவ்விந்தியர், மோஹாக் இனத்தவர். லக்ரோஸ் ஆட்டத்தில் சூரர், குத்துச்சண்டையும் தெரியும். கொடுத்த வசனம் அப்படி, ஆனால் அதை அவர் நின்று சொல்கிற விதத்தைப் பாருங்கள், ஒரு துளி கூழைக்கும்பிடு இருக்காது. பிற்பாடு தன் மக்களுக்காக லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நடிப்புப் பட்டறை ஆரம்பித்தார். 1979ல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். வயதான காலத்தில் அவர் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்து குதிரையை ஓட்டுகிற பந்தயம். கிட்டத்தட்ட நம்ம ஜட்கா. இதைப் படித்த நாள் முதல் அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

*சண்டைக் காட்சியில் குதிரைகள் தலைகுப்புற விழுகின்றனவே, அவற்றுக்கு அடிபடாதா?*
– எஸ்டேட் ஊழியர், நாகலூர், ஏற்காடு

இந்தக் கடிதம் வந்து மூன்று நாள் நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் தாத்தா ஜட்கா வைத்திருந்தார். சூரமங்கலம் ஜங்ஷனில் ரயில் வந்ததும் ஆள் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவார். குதிரையின் பெயர் ராசா. ராத்திரி கொள்ளு ஊறப்போடுவது என் வேலை. தாத்தா ஒருநாள் என்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்து, 'ரோட்டைப் பார்க்காதடா, அவன் காதைப் பாரு' என்றார். இரண்டு காதும் முன்னால் குத்திட்டு நின்றால் எதையோ பார்த்துவிட்டான், லாரியோ நாயோ. இரண்டும் பின்னால் படிந்து தலையோடு ஒட்டிக்கொண்டால் கோபம், கிட்டே போகாதே. ஒரு காது முன்னால், ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தால், ரோட்டையும் பார்க்கிறான், நீ பேசுவதையும் கேட்கிறான். அந்த ஒற்றைக் காது திரும்பியிருக்கும்வரை தாத்தா சாட்டையைத் தொட மாட்டார். 'கேட்டுக்கிட்டிருக்கிறவனை எதுக்கு அடிக்கணும்?' என்பார்.

அதிலிருந்து படத்தில் குதிரை வந்தால் என் கண் காதுக்குத்தான் போகும். ஹீரோ முகத்தில் வீரம் வழியும். குதிரையின் காது, 'ஐயோ என்னை விடுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கும். காது நடிக்காது.

இப்போது உங்கள் கேள்வி. அந்தக் காலத்தில் குதிரையை விழ வைக்க 'ரன்னிங் டபிள்யூ' என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். முன்னங்கால்களில் கம்பியைக் கட்டி, அதன் மறுமுனையைத் தரையில் முளையடித்துப் பிணைத்துவிடுவார்கள். குதிரை நாலுகால் பாய்ச்சலில் வரும். கம்பியின் நீளம் தீர்ந்ததும் முன்னங்கால் இரண்டும் ஒரேயடியாக வாரிக்கொண்டு போகும். குதிரைக்கு எங்கே விழப்போகிறோம் என்று கடைசி வரை தெரியாது. கழுத்து முறிந்தவை, கால் ஒடிந்து அங்கேயே சுட்டுத் தள்ளப்பட்டவை எத்தனையோ.

1939ல் வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையைச் செங்குத்தான பாறையிலிருந்து கீழே நீருக்குள் விழ வைத்தார்கள். குதிரை செத்தது. ஊரே கொதித்தது. 1940 முதல் அமெரிக்க விலங்கு நலச் சங்கத்துக்காரர்கள் படப்பிடிப்புக்கு வந்து கண்காணிக்க ஆரம்பித்தார்கள். கம்பி முறைக்கு அத்தோடு முடிவு வந்தது. நடுவில் 1966க்குப் பிறகு அந்தப் பிடி தளர்ந்து, 1980ல் 'ஹெவன்ஸ் கேட்' படப்பிடிப்பில் விலங்குகளை வதைத்ததாக விவகாரம் வெடித்த பிறகுதான் மறுபடி இறுகியது. நம் நாட்டில் 2001ல் வந்த விதிகளின்படி, படத்தில் விலங்கை நடிக்க வைக்க விலங்கு நல வாரியத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும்.

முறையாக விழுவதற்கென்றே பழக்கிய குதிரைகள் உண்டு. விழுகிற இடத்தில் மண்ணைத் தோண்டி, மணல் கொட்டி மெத்தென்று ஆக்குவார்கள். ஓட்டுகிறவர் கடிவாளத்தை ஒரு பக்கமாக இழுத்துத் தலையைத் திருப்பினால், அது பக்கவாட்டில் சாயும். படத்தில் வித்தியாசம் பார்ப்பது எப்படி? தலை முதலில் ஒரு பக்கம் திரும்பிப் பிறகு உடம்பு சாய்ந்தால், அது பழகின குதிரை. நேராக ஓடிவந்து, காது இரண்டும் முன்னால் குத்திட்டபடியே, திடீரென்று மூக்கு மண்ணில் குத்தினால் அது கம்பி. 1940க்கு முந்திய படங்களில் அப்படி ஒரு காட்சி வந்தால் நான் கண்ணாடியை விட்டு நகர்ந்து, புரொஜெக்டர் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைப் பார்க்கப் போய்விடுவேன்.

*நன்றாக நடித்த குதிரை எது?*
– தையற்கலைஞர், கொண்டலாம்பட்டி

'பை' என்று பெயர். நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏறிய குதிரை. இருபது வருஷத்துக்கு மேல் அவர் படங்களில் அதே குதிரை. சொந்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் அதன் சொந்தக்கார அம்மாள் விற்கவே இல்லை. 'தி ஃபார் கன்ட்ரி' படத்தில் ஸ்டூவர்ட்டின் சேணத்தில் ஒரு சின்ன மணி தொங்கும். கடைசியில் எதிரிகள் இருட்டில் காத்திருக்கும்போது, மணிச் சத்தம் மட்டும் தெருவில் வருகிறது. சுடத் தயாராகிறார்கள். வருவது குதிரை மட்டும், மேலே ஆள் இல்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தனியாக நடக்க வேண்டும். ஸ்டூவர்ட் அதன் காதருகே போய் என்ன செய்ய வேண்டும் என்று பேசிவிட்டு வந்தாராம், அது ஒரே தடவையில் நடந்து முடித்ததாம். கேட்டால் நம்புவீர்களோ என்னவோ, நான் நம்புகிறேன். தாத்தா ராசாவிடம் ரயில் லேட் என்பதைக்கூடச் சொல்வார்.

பைக்கு வயதானபோது ஸ்டூவர்ட்டின் நண்பர் ஹென்றி ஃபோண்டா, படப்பிடிப்பு ஓய்வில் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்து, படத்தை நண்பருக்கே கொடுத்தார். ஸ்டூவர்ட் அதை வீட்டில் மாட்டி வைத்திருந்தார். பாடம் பண்ணி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று: 'கேட் பல்லூ' படத்துக்காக லீ மார்வின் 1966ல் ஆஸ்கார் வாங்கினார். அதில் குடிகாரராக அவர் ஒரு குதிரை மேல் சரிந்து கிடப்பார், குதிரையும் காலைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும், அதுவும் குடித்த மாதிரி. மேடையேறிய லீ மார்வின், இந்தப் பரிசில் பாதி எங்கேயோ பள்ளத்தாக்கில் மேய்ந்துகொண்டிருக்கிற ஒரு குதிரைக்குச் சேரும் என்றார்.

*நாயா, குதிரையா? ஒரே வார்த்தையில்.*
– எட்டாம் வகுப்பு மாணவி, சங்ககிரி

குதிரை. (எங்கள் வீட்டு நாய்க்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்.)

*தமிழ் கௌபாய் படங்களில் ஏன் இப்படியொரு நல்ல துணை அமையவில்லை?*
– வாசகர், கோரிமேடு

கர்ணன் எடுத்த 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' எல்லாம் 1970, 72 வாக்கில் நானே ஓட்டியிருக்கிறேன். ஜெய்சங்கர் குதிரையில் வந்தாலே தரை டிக்கெட்டில் துண்டு பறக்கும். கர்ணன் ஒளிப்பதிவாளர் என்பதால் குதிரையை எந்தக் கோணத்தில் பிடித்தால் புழுதி அழகாகக் கிளம்பும் என்று அவருக்குத் தெரியும். குறை அங்கே இல்லை. நம்மூரில் என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்தே காமெடி தனி டிராக். ஹீரோ ஒரு பக்கம், காமெடியன் ஒரு பக்கம், அவருக்குத் தனி ஜோடி, தனிப் பஞ்சாயத்து. கேபி ஹேய்ஸ் ஹீரோ கூடவே அடுப்பு மூட்டி, கூடவே தூங்கி, கூடவே சுடப்படுவார். நம் காமெடியன் பாட்டு முடிந்ததும் காணாமல் போய்விடுவார்.

நம் குதிரைகளுக்குப் பெயரும் கிடையாது. டைட்டிலில் குதிரை பெயரைப் போட்டு ஒரு தமிழ்ப் படம் நான் ஓட்டியதில்லை. கோரிமேட்டிலிருந்து ஏற்காட்டு ரோட்டில் போகிறபோது மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் வளைவு தெரியும் இல்லையா, அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அதன் முதலாளி டி.ஆர்.சுந்தரத்தின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஞாபகம் வரும். தமிழின் முதல் முழுநீளக் கலர் படம், 1956. நாற்பது திருடர்களும் வருகிற குதிரைகளில் ஒன்றுக்காவது ஒரு பெயர் இருந்திருக்கும். லாயத்தில் தண்ணி காட்டியவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

*உங்களுக்கு அப்படி ஒரு துணை ஆள் இருந்தாரா?*
– இல்லத்தரசி, தாரமங்கலம்

நான்தானுங்க துணை ஆள். 1969ல், பதினாறு வயதில் கேபினுக்குள் போனேன். உத்தியோகம் ரீவைண்டர் பையன். ஒரு ரீல் ஓடி முடிந்தால் வால், அதாவது கடைசிப் பகுதி, வெளியே இருக்கும். அதைக் கையால் சுற்றித் தலையை வெளியே கொண்டுவந்து பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டாயிரம் அடி ரீல் இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். அது முடிவதற்குள் அடுத்த மெஷினில் அடுத்த ரீல் தயாராக இருக்க வேண்டும். படத்தின் வலது மேல் மூலையில் வட்டமாக ஒரு புள்ளி மின்னும். அது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட. ஏழெட்டு விநாடியில் இன்னொரு புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். எங்கள் தலைமை ஆப்பரேட்டரை நான் அண்ணன் என்பேன். அவர் அந்தப் புள்ளியைப் பார்க்கவே மாட்டார், வசனத்தை வைத்தே கை போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி, கௌபாய் படம். முந்தின நாள் ஓடிய நாலாவது ரீலை நான் சுற்றாமலே பெட்டியில் வைத்துவிட்டேன். காரணம், குதிரையின் காதுதான். கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்குக் கார்பன் வேறு அண்ணனைப் படுத்திக்கொண்டிருந்தது. பையன் சுற்றியிருப்பான் என்ற நம்பிக்கையில் ரீலை எடுத்து அப்படியே மாட்டிவிட்டார். புள்ளி வந்தது. மாற்றினார். திரையில் வானம் கீழே, பூமி மேலே. பன்னிரண்டு குதிரைகள் தலைகீழாகத் தொங்கியபடி பின்னோக்கி ஓடுகின்றன. ஸ்பீக்கரில் வசனத்துக்குப் பதில் வெறும் உறுமல். விசில் கூரையைப் பிய்த்தது.

மேனேஜர் படியேறி வருகிற செருப்புச் சத்தம் கேட்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'நான்தான் சார் பார்க்காம மாட்டிட்டேன்' என்றார். அவருக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

மேனேஜர் இறங்கிப் போன பிறகு கார்பனைச் சரிசெய்துகொண்டே, 'கீழ போய் தட்டுவடை செட்டு ரெண்டு வாங்கிட்டு வா. என்னோடதுல காரச் சட்னி தூக்கலா வைக்கச் சொல்லு' என்றார். காசும் அவர்தான் கொடுத்தார்.